மண்ணின் ஜீவனுக்கும் ஒரு கணக்கு வேண்டும்

தர்மபுரி மாவட்டத்தில் பாடுபட்டுப் பயிர் செய்யும் ஒரு குடியானவரின் வீட்டில், பட்டா, சிட்டா, கூட்டுறவுச் சங்கத்து ரசீது முதலிய காகிதங்களோடு சேர்த்து மடித்து வைக்கப்பட்டிருக்கும் மண்வள அட்டையை வாங்கிப் பார்த்தால், அவருடைய நிலத்தைப் பற்றி அரசாங்கம் பன்னிரண்டு கேள்விகளைக் கேட்டு விடை எழுதியிருப்பது தெரியவரும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம் ஆகிய நான்கும், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் ஆகிய நுண்ணூட்டங்கள் ஐந்தும், கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம் ஆகிய மூன்றும் அதில் இடம்பெற்றிருக்கும். 2015 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய அத்திட்டம், கண்ணை மூடிக்கொண்டு உரம் இறைக்கும் வழக்கத்தை மாற்றி, மண்ணுக்கு எது குறைவோ அதை மட்டும் இடும்படி உழவருக்கு வழிகாட்ட முற்பட்டது. அந்த மட்டில் அது போற்றத்தக்கதே. ஆயினும், காட்மியம், காரீயம், குரோமியம், ஆர்சனிக், பாதரசம் என்னும் விஷ உலோகங்களைப் பற்றி அந்த அட்டையில் ஒரு கேள்வியும் இல்லை. தாமிரமும் துத்தநாகமும் இடம்பெற்றிருந்தாலும், அவை குறைந்திருக்கின்றனவா என்பதற்காகவே ஆராயப்படுகின்றன. மிகுந்து விஷமாகிவிட்டனவா என்பதற்காக அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மண்ணில் ஜீவன் இருக்கிறதா என்ற கேள்வியை அட்டை கேட்கவே இல்லை.

இவ்விரண்டு குறைகளும் தனித்தனியானவை அல்ல. மண்ணில் சேரும் உலோகம் மண்ணின் உயிரை எவ்வாறு வாட்டுகிறது என்பதை, அந்த மண்ணையே உண்டு வாழும் ஓர் எளிய ஜந்துவின் குடலுக்குள் இன்று விஞ்ஞானிகளால் காண முடிகிறது. அந்த ஜந்து மண்புழு. பெருந்தொழில்கள் இதுவரை குறைவாகவே வந்திருக்கும் தர்மபுரியில், நல்லம்பள்ளி வட்டாரத்தில் சிப்காட் தொழிற்பூங்கா உருவாகிவரும் இத்தருணத்தில், மண்ணின் இன்றைய நிலையையும் அதிலுள்ள மண்புழுக்களின் நிலையையும் முறையாகக் கணக்கெடுத்துப் பதிவு செய்துவிட வேண்டும் என்பதும், அதைச் செய்யத் தவறினால் நாளைக்கு வரக்கூடிய தீங்கை நிரூபிக்கும் ஆதாரத்தை நாமே கைநழுவ விட்டவர்களாவோம் என்பதும் என்னுடைய திடமான அபிப்பிராயம்.

மண்புழுவின் பெருமை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. பரிணாமக் கொள்கையால் உலகப் புகழ் பெற்ற சார்லஸ் டார்வின் தம் வாழ்நாளின் கடைசி நூலாக 1881-இல் வெளியிட்டது மண்புழுக்களைப் பற்றிய புத்தகமே. இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுதோறும் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் இப்புழுக்களின் உடலுக்குள் புகுந்து வெளிவருகிறது என்று அவர் அதில் கணக்கிட்டுக் காட்டினார். சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, 1891-இல், பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை வெளியிட்ட மனோன்மணீயம் நாடகத்திலும், நடராசன் என்னும் பாத்திரம் நாங்கூழ்ப் புழுவை, அதாவது மண்புழுவை, நோக்கி அதன் ஓயாத உழைப்பை வியந்து பேசும் ஓர் அழகிய பகுதி அமைந்திருக்கிறது. நம் காலத்தில் சென்னைப் புதுக்கல்லூரிப் பேராசிரியராக இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில், அயல்நாட்டுப் புழுக்களைத் தருவித்து வளர்ப்பதைவிட, நம் மண்ணிலேயே பிறந்து வாழும் லாம்பிட்டோ மௌரிட்டி, பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் ஆகிய இனங்களைப் பேணுவதே சிறந்தது என்று பல்லாண்டுகளாகத் தமிழ்நாட்டு உழவர்களிடையே எடுத்துரைத்து வந்திருக்கிறார். உலகில் விளையும் தானியத்தில் ஏறக்குறைய 6.5 விழுக்காடு, பயறு வகைகளையும் சேர்த்தால் ஆண்டுக்குச் சுமார் 14 கோடி டன் விளைச்சல், மண்புழுக்களின் உழைப்பால் கிடைப்பது என்று 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கூலி கேளாமல் இவ்வளவு தானியத்தை விளைவித்துத் தரும் ஓர் உயிருக்கு நம் விவசாயக் கணக்குப் புத்தகங்களில் ஒரு வரிகூட இல்லை என்பது வருத்தத்துக்குரியது.

இந்த உழைப்பின் ரகசியம் பெரும்பாலும் அதன் குடலில் இருக்கிறது. மண்புழு மண்ணையும், மட்கிய இலை தழைகளையும் வாய்வழி விழுங்குகிறது. அரைவைப்பை என்னும் தசைப்பையில் மணற்பருக்கைகளின் உதவியால் அவை அரைபடுகின்றன. பிறகு, புழு சுரக்கும் சளியும் நீரும் கலந்து, அந்தக் கலவை நீண்ட குடலுக்குள் செல்கிறது. வெளியே மண்ணில், உணவும் ஈரமும் போதாமல் ஏறக்குறைய உறக்கநிலையில் கிடக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள், காற்றில்லாததும், ஈரம் நிறைந்ததும், எளிதில் செரிக்கும் சர்க்கரைப் பொருள்களும் புரதங்களும் செறிந்ததுமான அந்தக் குடலுக்குள் புகுந்தவுடன் விழித்தெழுந்து வேலையைத் தொடங்குகின்றன. புழு தனியாகச் செரிக்க இயலாத பொருள்களை இவை சிதைத்துக் கொடுக்கின்றன. புழுவோ இவற்றுக்கு இருப்பிடமும் ஆகாரமும் அளிக்கிறது. சில மணி நேரத்துக்குள் குடலைக் கடந்து வெளியேறும் எச்சம், சுற்றியுள்ள மண்ணைவிடத் தழைச்சத்தும் மணிச்சத்தும் பயிருக்கு எளிதில் கிடைக்கக்கூடிய வடிவில் மிகுந்ததாகவும், நுண்ணுயிர்கள் நிறைந்ததாகவும் இருக்கிறது. ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலையில் ராகிக் கொல்லையின் வரப்போரம் குனிந்து பார்த்தால், கடுகு கடுகாகத் திரண்டு சிறு கோபுரம் போல் குவிந்திருக்கும் நாங்கூழ்க் கட்டிகளைக் காணலாம். அவற்றில் ஒன்றை விரல்களிடையே வைத்து நசுக்கினால், பக்கத்து மண் புழுதியாக உதிரும்போது, இது பிசுபிசுப்போடு ஒட்டிக்கொண்டு, மழை மண்ணுக்கே உரிய வாசனையை வீசும். அவ்வாசனைக்குக் காரணமான ஆக்டினோபாக்டீரியா வகை நுண்ணுயிர்கள் மண்புழுவின் குடலிலும் முக்கியமான குடிகள்.

இனி, இந்த ஒழுங்கான குடும்பத்துக்குள் விஷ உலோகம் புகுந்தால் என்ன நேரிடும் என்பதைப் பார்ப்போம். மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது; ஈரத்தோல் வழியாகவே அது சுவாசிக்கிறது. ஆகவே மண்ணின் ஈரத்தில் கரைந்திருக்கும் உலோகம் தோல் வழியாகவும், மண்துகள்களில் ஒட்டியிருக்கும் உலோகம் வாய்வழியாகவும், இருபுறமும் அதன் உடலை வந்தடைகிறது. இயற்கை இதற்குச் சில தற்காப்புகளைக் கொடுத்திருக்கிறது: காட்மியத்தை மெட்டலோதயோனின் என்னும் புரதம் இறுகப் பற்றிக்கொள்ளும், காரீயத்தையும் துத்தநாகத்தையும் குடலைச் சூழ்ந்துள்ள மஞ்சள் நிறத் திசு தன் சிறு மணிகளுக்குள் பூட்டி வைக்கும். ஆனால் இந்தக் காவல் புழுவின் உடலுக்கு மட்டுமே உண்டு. குடலின் உள்ளே, உணவுக் கலவையோடு கலந்து வாழும் நுண்ணுயிர்களுக்கு இல்லை. அவை உலோகத்தோடு நேருக்கு நேர் போராட வேண்டியவை. போராட்டத்தில் மென்மையான இனங்கள் மறைந்து, உலோகத்தைத் தாங்கவல்ல சில இனங்கள் மட்டும் பெருகுகின்றன. பலவகைப்பட்டிருந்த குடியிருப்பு ஒரு சிலவகைப்பட்டதாகக் குறுகுகிறது. உறைமோர் கெட்டுவிட்டால் பால் எவ்வளவு நல்லதாயினும் தயிர் தோயாது. அதுபோலவே, குடலிலுள்ள நுண்ணுயிர்க் கூட்டம் நிலைகுலைந்தால், புழு உயிரோடிருந்தும் மண்ணுக்கு அதனால் கிடைக்கும் பிரயோஜனம் குன்றிவிடும்.

விஞ்ஞானிகள் நெடுங்காலமாக மண்புழுவைக் கொண்டு விஷத்தைப் பரிசோதித்து வந்திருக்கிறார்கள். வளர்ச்சியடைந்த நாடுகளின் பொருளாதார அமைப்பு 1984-இல் வகுத்த முறைப்படி, மணலும் களியும் மட்கிய பாசியும் கலந்த செயற்கை மண்ணில் ஐசீனியா ஃபெடிடா என்னும் புழுவைப் பதினான்கு நாள் வைத்து, எத்தனை செத்தன, எத்தனை பிழைத்தன என்று எண்ணுவார்கள். அம்முறைக்கு உரிய மதிப்பு உண்டு. ஆனால் சாவை மட்டும் கணக்கிடும் பரிசோதனை, சாவுக்கு முன்பு நடைபெறும் கேட்டைக் காண்பதில்லை. மரபணுக்களைப் படித்தறியும் கருவிகள் வந்த பிறகு, சீனத்திலும் ஐரோப்பாவிலும் நடந்த ஆராய்ச்சிகளில், புழு உயிரோடு ஊர்ந்துகொண்டிருக்கும் அளவிலேயே அதன் குடல் நுண்ணுயிர்களின் அமைப்பு மாறிவிடுவது தெளிவாகியிருக்கிறது. ஆகவே மண்புழுவின் குடல், மண்ணுக்கு வரும் வியாதியை முன்கூட்டியே அறிவிக்கும் நாடியாக அமைகிறது.

இதைவிடக் கவலைக்குரிய மற்றொரு விஷயமும் உண்டு. உலோகத்தைத் தாங்கும் சக்தியை நுண்ணுயிருக்குத் தரும் மரபணுக்களும், மனிதர் உட்கொள்ளும் ஆன்டிபயாட்டிக் மருந்துகளைத் தாங்கும் சக்தியைத் தரும் மரபணுக்களும் பல சமயங்களில் ஒரே மரபணு வளையத்தில் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. ஒரு நுண்ணுயிரிலிருந்து மற்றொன்றுக்கு அவை சேர்ந்தே இடம் மாறுகின்றன. எனவே தாமிரமோ துத்தநாகமோ காட்மியமோ மிகுந்த மண்ணில், மருந்து ஒரு துளிகூடப் படாமலே, மருந்துக்கு அடங்காத நுண்ணுயிர்கள் செழிக்க வழி ஏற்படுகிறது. காடுமேட்டில் நிகழும் இச்சூட்சுமமான மாற்றத்துக்கும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் மருந்து பலிக்காமல் கிடக்கும் நோயாளிக்கும் இடையே உள்ள தூரம் நாம் எண்ணுவதைவிடக் குறைவு. மேலும், உலோகத்தைச் சுமந்த புழு அத்தோடு ஒரு முடிவுக்கு வருவதில்லை. அதை நாகணவாய் உண்கிறது, கொக்கு உண்கிறது, கொல்லையில் மேயும் நாட்டுக்கோழியும் உண்கிறது. காட்மியம் போன்றவை அவ்வழியே மேல்நோக்கிப் பயணம் செய்கின்றன.

தர்மபுரியில் இந்த உலோகங்கள் வந்துசேர என்ன வழி இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். முதல் வழி நம் கைகளாலேயே திறக்கப்படுவது. பாலக்கோடு வட்டாரத்துத் தக்காளி தமிழகச் சந்தைகளில் பெயர் பெற்றது. பருவம் தவறிய மழையிலும் பனியிலும் இலைக்கருகல் கண்டபோதெல்லாம் உழவர் தெளிப்பது காப்பர் ஆக்ஸி குளோரைடு. இலையில் படிந்த தாமிரம் மழையோடு மண்ணில் இறங்குகிறது. இறங்கியது ஆவியாவதுமில்லை, மட்குவதுமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திராட்சைக்குப் போர்டோ கலவை தெளித்து வந்த ஐரோப்பிய நிலங்களில் தாமிரம் அடுக்கடுக்காகச் சேர்ந்து மண்புழுக்களைக் குறைத்த பிறகே, ஐரோப்பிய ஒன்றியம் ஏழு ஆண்டுகளில் ஒரு ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் தாமிரம் தெளிக்கலாகாது என்று வரம்பு கட்டியது. இரண்டாவது, பாறைப் பாஸ்பேட்டிலிருந்து செய்யப்படும் மணிச்சத்து உரங்களோடு ஒட்டிவரும் காட்மியம். இதற்கும் ஐரோப்பாவில் 2022 முதல், ஒரு கிலோ மணிச்சத்துக்கு 60 மில்லிகிராம் என்று எல்லை விதிக்கப்பட்டிருக்கிறது. மூன்றாவது, தொப்பூர்க் கணவாய் வழியாக மாவட்டத்தை ஊடுருவிச் செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலை. காரீயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டுவிட்டாலும், அதற்கு முன்பு பல பத்தாண்டுகள் வண்டிப் புகையில் வந்து படிந்த காரீயம் நெடுஞ்சாலையோரத்து மண்ணை விட்டு எளிதில் அகலக்கூடியதன்று.

நான்காவது வழி தென்பெண்ணையாறு. நந்தி மலையில் பிறந்து, பெங்களூரு மாநகரின் கழிவைச் சுமந்து, ஓசூருக்கருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி நிற்கும் காட்சியைப் பத்திரிகைகளில் நாம் அடிக்கடி பார்க்கிறோம். அந்த ஆறே கிருஷ்ணகிரி அணையைக் கடந்து இருமத்தூர் வழியாக நம் மாவட்டத்துக்குள் வந்து சாத்தனூரை நோக்கிச் செல்கிறது. நுரை கரையோடு அடங்கிவிடுவதால் கேடும் அங்கேயே அடங்கிவிட்டதென்று நாம் ஆறுதல் கொள்கிறோம். ஆனால் பெங்களூரு நகரத்தின் பெல்லந்தூர் ஏரி, 2015-லும் 2017-லும் தண்ணீரின்மேலேயே தீப்பற்றி எரிந்து உலகத்தை வியப்பில் ஆழ்த்திய அதே ஏரி, இந்த ஆற்றின் நீர்ப்பிடிப்பைச் சேர்ந்தது. அந்த ஏரி நீர் பாய்ந்த நிலங்களின் மண்ணிலும் பயிரிலும் கன உலோகங்கள் சேர்ந்திருப்பதைப் பெங்களூரு ஆய்வாளர்கள் 2006-லேயே கரண்ட் சயின்ஸ் என்னும் விஞ்ஞான இதழில் எடுத்துக்காட்டினார்கள். உலோகம் ஆற்றின் வண்டலோடு ஒட்டிக்கொண்டு, வெள்ளக் காலத்தில் நகர்ந்து, தண்ணீர் வேகம் குறையும் இடங்களில் படியும் இயல்புடையது. அணைகள் அதில் ஒரு பகுதியைத் தடுத்து நிறுத்துகின்றன என்பது மெய். அதற்காக, அணைக்குக் கீழே உள்ள கரைநிலத்தைப் பரிசோதிக்க வேண்டியதில்லை என்று முடிவு கட்டுவது விவேகமாகாது.

பரிசோதனை செய்யாமல் காலம் கடத்திய சமூகங்கள் கொடுத்த விலை சரித்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஜப்பானில், ஜின்சு ஆற்றின் கரையிலிருந்த நெல்வயல்களுக்கு மேற்புறத்துக் கமியோகாச் சுரங்கத்திலிருந்து காட்மியம் வந்து சேர்ந்தது. அந்த அரிசியைப் பல்லாண்டுகள் உண்ட பெண்களின் எலும்புகள் மெலிந்து ஒடிந்தன. வலி பொறுக்காமல் அவர்கள் கதறிய கதறலே அந்நோய்க்குப் பெயராயிற்று. 1968-இல் அந்நாட்டு அரசாங்கம் நோயின் காரணத்தை ஒப்புக்கொண்டது. 1970-இல் விவசாய நிலத்து மண் மாசுபடாமல் காக்கத் தனிச் சட்டம் இயற்றியது. அதன் பிறகும், ஏறக்குறைய 860 ஹெக்டேர் வயல் மண்ணைச் சீர்செய்து முடிக்க முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 2012-இல்தான் அப்பணி நிறைவெய்தியது. சீனம் 2014-இல் வெளியிட்ட நாடு தழுவிய மண் ஆய்வில், விளைநிலத்து மாதிரிகளில் 19.4 விழுக்காடு நிர்ணயித்த வரம்பை மீறியிருந்தது தெரியவந்தது.

இவ்வளவு தொலைவு போக வேண்டியதும் இல்லை. நம் மாநிலத்திலேயே ராணிப்பேட்டையில், 1990-களின் நடுவில் மூடப்பட்ட ஒரு குரோமியத் தொழிற்சாலை விட்டுச் சென்ற லட்சக்கணக்கான டன் கழிவு, சுற்றியுள்ள மண்ணையும் நிலத்தடி நீரையும் மஞ்சளாக்கிப் பல தலைமுறைகளுக்குச் சுமையாக நிற்கிறது. அதே வட்டாரத்துத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றிய வழக்கிலேதான், 1996 ஆகஸ்டில், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் தத்துவத்தையும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்னும் தத்துவத்தையும் நாட்டின் சட்டமாக உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது. 2025 ஜூலையில் மத்திய அரசு, மாசுபட்ட இடங்களைக் கண்டறிந்து சீராக்குவதற்கெனத் தனி விதிகளையும் வெளியிட்டிருக்கிறது. ஆனால் ஈடு கேட்கும் உழவர், தம் நிலம் முன்பு எப்படி இருந்தது என்பதை எதைக்கொண்டு நிரூபிப்பார்? ஆலை வருவதற்கு முந்தின மண்ணின் கணக்கு இல்லாதபோது, இது பாறையிலிருந்தே வந்தது என்று எதிர்த்தரப்பினர் வாதிப்பதற்கு இடம் ஏற்பட்டுவிடுகிறது. ஹரூர், ஊத்தங்கரைப் பகுதியின் பாறைகளில் மாலிப்டினம் என்னும் உலோகம் இயல்பாகவே இருப்பதைப் புவியியல் துறையினர் கண்டிருக்கிறார்கள். ஆகவே இயற்கை தந்தது எவ்வளவு, மனிதன் சேர்த்தது எவ்வளவு என்று பிரித்தறிய வேண்டிய அவசியம் பிற மாவட்டங்களைவிட நமக்கு அதிகம்.

கண்ணுக்குத் தெரியாத விஷம் பாறையிலிருந்து கிணற்று நீருக்கு வந்து, பிள்ளைகளின் பல்லில் பழுப்பேற்றி, பெரியவர்களின் முதுகை வளைத்த கொடுமையைத் தர்மபுரி மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. புளோரைடின் தீமை இந்தியாவில் 1937-இலேயே மருத்துவர்களால் பதிவு செய்யப்பட்டது; ஒகேனக்கல் காவிரி நீரை ஏறக்குறைய 1,900 கோடி ரூபாய்த் திட்டத்தின்மூலம் தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்குக் கொண்டுவந்தது 2013-இல். இடையில் கழிந்த ஆண்டுகளில் வளைந்துபோன எலும்புகளை எந்தத் திட்டமும் நிமிர்த்தப் போவதில்லை. புளோரைடுக்கேனும் வேறோர் ஆற்று நீரைக் கொண்டுவந்து பரிகாரம் தேட முடிந்தது. கெட்டுப்போன விளைநிலத்துக்குப் பதிலாக வேறோர் இடத்து மண்ணைக் குழாய் வழியாகக் கொண்டுவர முடியாது.

மண்புழுவே உலோகத்தை உண்டு மண்ணைச் சுத்தம் செய்துவிடுமே, அதற்காக ஏன் இவ்வளவு கவலை என்று சிலர் கேட்பதுண்டு. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது: குடல் நுண்ணுயிர்களில் சில உலோகத்தைத் தம் செல்சுவரில் பிணைத்துக்கொள்கின்றன, சில, கொடிய ஆறிணைதிறக் குரோமியத்தைக் கொடுமை குறைந்த மூவிணைதிற வடிவத்துக்கு மாற்றுகின்றன, சில, ஆர்சனிக்கின் இரசாயன உருவத்தையே திருத்துகின்றன. ஆயினும் உலோகம் ஒரு மூலகம். அது அழியும் பொருளன்று. புழுவின் குடலைக் கடந்து வந்த உலோகம் சில வேளைகளில் பயிர் எளிதில் உறிஞ்சக்கூடிய நிலையை அடைகிறது என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தரம் பிரிக்காத நகரக் குப்பையை மண்புழு உரமாக்கும்போது, மட்கும் பொருள் மட்கிக் குறைந்து, பழைய பேட்டரியிலிருந்தும் வர்ணப் பூச்சிலிருந்தும் வந்த உலோகம் எஞ்சிய உரத்தில் செறிந்துவிடுகிறது. இதை உணர்ந்தே 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ், ஒரு கிலோ மண்புழு உரத்தில் காட்மியம் 5 மில்லிகிராமுக்கும், குரோமியமும் நிக்கலும் தனித்தனியே 50 மில்லிகிராமுக்கும், காரீயம் 100 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. மூட்டையில் கட்டி விற்கும் உரத்துக்கு இந்தக் காவல் இருக்கும்போது, உரம் போய்ச்சேரும் மண்ணுக்கு மட்டும் ஏன் இருக்கக்கூடாது?

இன்னும் சிலர், இதெல்லாம் தொழில் வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை போடும் பேச்சு என்று ஐயுறலாம். பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறிப் போகும் இளைஞர்களை ஆண்டுதோறும் வழியனுப்பும் மாவட்டம் இது; சொந்த ஊரிலேயே ஒரு வேலை என்பது அவர்களுடைய பெற்றோர்களின் நியாயமான ஆசை. தொழிற்சாலை வேண்டாம் என்பது என் கட்சியன்று. வரும் தொழிற்சாலை நாணயமாக நடந்துகொண்டால், முன்கூட்டி எடுத்த கணக்கு அதற்கே பாதுகாப்பு. பிறர் செய்த கேட்டை அதன் தலையில் சுமத்த எவராலும் இயலாது. நாணயமின்றி நடந்தால், அதே கணக்கு உழவருக்குப் பாதுகாப்பு.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. மண்பரிசோதனை நிலையங்களில் துத்தநாகத்தையும் தாமிரத்தையும் அளப்பதற்கு வைத்திருக்கும் அணு உட்கவர் நிறமாலைக் கருவியே காட்மியத்தையும் காரீயத்தையும் குரோமியத்தையும் அளக்க வல்லது. ஒவ்வோர் உலோகத்துக்கும் உரிய விளக்கைப் பொருத்தி, மண்ணை வீரியமுள்ள அமிலத்தில் கரைத்தெடுக்கும் முறையைக் கடைப்பிடித்தால் போதும். எல்லா நிலங்களுக்கும் ஒரேயடியாகச் செய்ய வேண்டியதும் இல்லை. தென்பெண்ணைக் கரையின் பாசன நிலங்கள், நெடுஞ்சாலையை ஒட்டிய கொல்லைகள், பல்லாண்டுகள் தக்காளி விளைந்த பாலக்கோட்டு வயல்கள், பேரூராட்சிக் குப்பைக் கிடங்குகளின் சுற்றுப்புறம், தொழிற்பூங்காவைச் சுற்றியுள்ள கிராமங்கள் ஆகிய ஐந்து வகை இடங்களில் முதலில் தொடங்கி, கிடைத்த விடையை அந்தந்த நிலத்துக்காரரின் மண்வள அட்டையிலேயே எழுதித் தரவேண்டும்.

அத்தோடு மண்புழுக் கணக்கும் வேண்டும். இருபத்தைந்து சென்டிமீட்டர் சதுரத்தில் ஏறக்குறைய ஓரடி ஆழத்துக்கு மண்ணை வெட்டியெடுத்து, சாக்கின்மேல் பரப்பி, கையால் பொறுக்கி எண்ணுவது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவர் எவரும் அதைச் செய்யலாம். மழைக்காலத்தில் அரசுப் பள்ளி மாணவர்களைக் கொண்டே ஊர்தோறும் செய்யலாம். பாப்பாரப்பட்டியிலுள்ள வேளாண் அறிவியல் நிலையம் இதற்குப் பயிற்சி தரலாம். பொறுக்கிய புழுக்களில் சிலவற்றின் குடலில் எவ்வெந்த நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்று மரபணு முறையில் ஆராய்ந்து பதிவு செய்யும் பொறுப்பைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், பைசுஹள்ளியில் விரிவாக்க மையம் நடத்தும் பெரியார் பல்கலைக்கழகமும் பகிர்ந்து ஏற்கலாம். ஒருமுறை எழுதி வைத்த அந்தப் பதிவு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுமானால், எந்தக் கிராமத்து மண் எப்போது வாடத் தொடங்கிற்று என்பதைப் பயிர் வாடுவதற்கு முன்பே நம்மால் அறிய முடியும். மற்ற மாவட்டங்களுக்கும் அது முன்மாதிரியாகும். உழவரும் தம் பங்குக்கு, காப்பர் மருந்தைப் பக்கத்து வயல்காரர் தெளித்தார் என்பதற்காகத் தாமும் தெளிக்காமல், நோய் கண்ட அளவுக்கே தெளிப்பதும், தரம் பிரிக்காத குப்பை உரம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வயலில் கொட்டாமலிருப்பதும் இன்றே தொடங்கக்கூடிய காரியங்கள்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடைபெறும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில், ஏரிக் கால்வாய்க்கும் பயிர்க் கடனுக்கும் மின் இணைப்புக்கும் மனுக் கொடுக்கும் உழவர் சங்கங்கள், இனி ஒரு மனுவை மண்ணுக்காகவும் கொடுக்க வேண்டும். தொழிற்பூங்காவின் முதல் ஆலையில் இயந்திரம் ஓடத் தொடங்குவதற்கு முன்பே, சுற்றியுள்ள ஊர்களின் மண்ணிலுள்ள உலோகத்தின் அளவையும் மண்புழுக்களின் எண்ணிக்கையையும் எடுத்து, அந்தந்தக் கிராம சபையில் பகிரங்கமாகப் படித்துக் காட்டும்படி அம்மனு கேட்க வேண்டும். ஆட்சியருக்கும் வேளாண் துறைக்கும் அதை நிறைவேற்றும் அதிகாரமும் வசதியும் இருக்கின்றன. கேட்பவர்கள் ஒரே குரலில் கேட்டால், அடுத்த மழைக்காலத்திலேயே பணியைத் தொடங்கிவிடலாம்.